ஏழாம் பாகம்

முதல் பக்கத்தில் ஒரு வரைபடம்.
ஜெகதேவி எடைமேடைக் கூண்டுக்குள்
இரவு பத்துக்கு மேல் அதை விரித்தேன்.
ஆற்றுக்கு மூன்று பெயர்,
கடலுக்குப் பெயரே இல்லை,
வடக்கே தூங்கும் மலைகள்.
மொத்தம் பதினொரு பாகம்.
"நாலைத் தாண்டி யாரும் வந்ததில்லம்மா"
முத்திரை குத்தினார் நூலகர்.

லாரி இரண்டு முறை ஏறும்,
காலியாக ஒருமுறை, கல்லோடு ஒருமுறை.
சீட்டுக்கு நின்ற திம்மராயன் கேட்டார்:
"என்னா மேடம், பரிச்சையா?"
இல்லை, நெய்தினி என்று ஒரு இளவரசி,
அவள் தம்பியை விற்ற கருநெடியன்,
அவனுக்கு ஒற்றைக் காது.
"இன்னொன்னு?"
அது மூன்றாம் பாகத்தில் என்றேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது.
காலி எடைக்கு ஒரு அத்தியாயம்,
லோடு எடைக்கு ஒரு அத்தியாயம்.
விருந்துகளை, வம்சாவளிகளைத் தாண்டிவிடுவேன்.
பனியில் நடந்த அறுபது பக்கத்தை
"நடந்தாங்க" என்று முடித்தேன்.
ரொம்பக் குளிர்ந்துச்சா என்றார்.
அதற்காகத் திரும்பிப் போய்
அந்த அறுபதையும் படித்தேன்.

மலைகள் எல்லாம் உறங்கும் அரக்கர்கள் என்று
ஐந்தாம் பாகத்தில் தெரிந்த இரவு,
சங்கிலி கட்டிய கறுப்புப் பாளத்தை
உள்ளங்கையால் தட்டிவிட்டு வந்தார்.
"இது தூங்குதா மேடம், செத்துட்டுதா?"
இருபத்தெட்டு டன் என்று சீட்டைக் கிழித்தேன்.

ஏழாம் பாகம் நூலகத்தில் இல்லை.
ராயக்கோட்டைக்காரர் ஒருவர் கொண்டுபோய்
இரண்டு வருடம்.
ஆறாவதின் கடைசி வரியில்
பாலத்தின் நடுவே கருநெடியன்,
இரண்டு கரையிலும் தீ.
எட்டை வாங்கிவந்தேன், பிரிக்கவில்லை.
லாரி மேடையேறிவிட்டது.
"அப்புறம்?"

அப்புறத்தை நான் செய்தேன்.
பாலத்தை எரித்தேன். அவனை ஆற்றில் விட்டேன்.
நெய்தினிக்கு மன்னிக்கத் தெரியவில்லை,
கற்றுக்கொடுக்க எனக்கும் தெரியவில்லை.
பதினெட்டு இரவு இழுத்தேன்.
மாங்கூழ் ஆலை டெம்போக்கள்
ரோட்டை அடைத்துக்கொண்ட மே மாதம்.
கடைசியில் கொன்றுவிட்டேன்.
திம்மராயன் எஞ்சினை அணைத்தார்.
பின்னால் நாலு லாரி ஹாரன் அடித்தது.
"நல்ல சாவுதான்" என்றார்.

எட்டாம் பாகம், பக்கம் பதினொன்று:
கருநெடியன் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறான்.

அதன்பின் கண்ணுக்கு ஒரு கதை, வாய்க்கு ஒரு கதை.
அவன் செய்ததையெல்லாம்
வேறு யாருக்காவது பிரித்துக்கொடுக்க வேண்டியிருந்தது.
ஊமைப் படகோட்டிக்குக் கொஞ்சம்,
குதிரைக்குக்கூட ஒன்று.
அவன் திறக்கவேண்டிய வடக்கு வாசலை
நெய்தினி திறந்தாள்.
அவளால் ஆகாது என்றுதான் புத்தகத்தில் இருந்தது.

ஆடியில் ஏழாம் பாகம் திரும்பி வந்தது,
அட்டையில் டீ வட்டம்.
நின்றபடியே பாலத்தைத் தேடினேன்.
மழை வந்தது. தீ அணைந்தது.
அவன் இறங்கிப் போனான்.
இவ்வளவுதானா?
திம்மராயனிடம் சொல்லவில்லை.

இப்போது பதினொன்றில் நாற்பது பக்கம் மிச்சம்.
நேற்று மேடை காலியாகக் கிடந்தபோது
புத்தகத்தோடு ஏறி நின்றேன்.
அறுபது கிலோ.
புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு ஏறினேன்.
அறுபது கிலோ.
இந்த மேடைக்குப் பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும்.

வளைவில் வெளிச்சம் தெரிந்தது. இறங்கிவிட்டேன்.
"முடிஞ்சிடுச்சா மேடம்?"
இன்னும் இல்லை.
"நாளைக்குத் தூத்துக்குடி லோடு. வர நாலு நாள் ஆகும்.
அதுவரைக்கும் யாரையும் சாவடிச்சிடாதீங்க."

அவருடைய காலி எடைச் சீட்டைப்
பக்கத்துக்கு நடுவே வைத்து மூடினேன்.